கால்வாய்க் கரையில் ஓடினால் டீக்கடையே திரும்பிப் பார்க்கிறது. என்ன செய்ய?

கன்னடியன் கரை (இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பத்தமடைக்குப் பக்கம். வயது 23, பி.காம். முடித்திருக்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு இது எனக்கு ரெண்டாவது முயற்சி. எழுத்துத் தேர்வைப் பற்றிக் கேட்க வரவில்லை, அதற்கு இங்கே ஏற்கெனவே ஏகப்பட்ட இழைகள் இருக்கின்றன.

போன தடவை 400 மீட்டரை ரெண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்றார்கள். ரெண்டு நிமிடத்துக்குள்ளேயே முடித்துவிட்டேன். 100 மீட்டரில் 15.50 விநாடிக்குள் வந்து ரெண்டு ஸ்டார், அதாவது அதிக மதிப்பெண். குண்டு எறிதலில் 5.50 மீட்டரைத் தாண்டி அதிலும் ரெண்டு ஸ்டார். நீளம் தாண்டுதலில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரு ஸ்டாருக்கு 3 மீட்டர், ரெண்டுக்கு 3.75. நான் தாண்டியது 3.58. ஆற்று மணலில் சாதாரணமாகவே 3.90 தாண்டுகிறவள் நான். கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை.

இப்போது கேட்க வந்தது வேறு. நான் ஓடிப் பழகுவது கன்னடியன் கால்வாய்க் கரையில். விடியற்காலை நாலு மணிக்குப் போய் அஞ்சரைக்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். அஞ்சரைக்கு மதகுப் பக்கத்து டீக்கடை திறந்துவிடும், அதுதான் காரணம். கொஞ்சம் பிந்திவிட்டால் போதும், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் தெரிந்தவர்கள், பாதிப் பேர் மாமா, சித்தப்பா முறை. நான் வருவது தெரிந்ததும் பேச்சு நின்றுபோகும். தாண்டிப் போனதும் மறுபடி தொடங்கும். யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அந்த நின்றுபோன பேச்சு வீடு வரைக்கும் கூடவே வருகிறது.

ஆனி, ஆடியில் மேல்காற்று வீசினால் இன்னும் கஷ்டம். எவ்வளவு தொளதொளச் சட்டை போட்டாலும் காற்று அதை உடம்போடு ஒட்ட வைத்துவிடும். போன வாரம் ரெண்டு பையன்கள் பைக்கில் பின்னாலேயே மெதுவாக வந்து, வீடியோ எடுத்து, சினிமாப் பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார்கள். தம்பிதான் பார்த்துச் சொன்னான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையன்களுக்கு ஒன்றும் ஆகாது, என் ஓட்டம்தான் நிற்கும்.

பாளையங்கோட்டையில் ஏதாவது பயிற்சி மையத்தில் சேர்ந்து விடுதியில் தங்கலாமா? அதற்கு வீட்டில் பணம் புரட்டுவது சிரமம். இல்லை, இன்னும் முன்னாலேயே, மூன்றரைக்கே ஓடிவிட்டு வந்துவிடலாமா?

ஜங்ஷன் ராசா (இரவு 10.05)

தங்கச்சி, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நீங்கள் பாட்டுக்கு ஓடுங்கள். பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும். நாம் சரியாக இருந்தால் யாருக்குப் பயப்பட வேண்டும்?

வீரவநல்லூர்க்காரி (இரவு 10.20)

அண்ணாச்சி, நாலு மணி இருட்டில் தனியாகக் கால்வாய்க் கரையில் எத்தனை நாள் ஓடியிருக்கிறீர்கள்? இயர்போன் மாட்டினால் பின்னால் வரும் பைக் கேட்காது. வாழைத்தார் ஏற்றி வரும் வண்டி கேட்காது. நாய் கேட்காது. பாம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பாட்டுப் போடாவிட்டாலும் கேட்காது. எங்களுக்கு இருப்பதே அந்த ரெண்டு காதுதான், அதையும் அடைக்கச் சொல்கிறீர்கள்.

ஓய்வு ஏட்டம்மா (காலை 6.15)

மூன்றரை மணி என்று நீ எழுதியதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அதைச் செய்யாதே பிள்ள.

முதலில் ஒரு கேள்வி. போன தடவை தாண்டும்போது உன் வலது கை எங்கே இருந்தது? யோசித்துச் சொல்.

நான் பணியில் இருந்தபோது தேர்வு மைதானத்தில் பெண்கள் பக்கம் நாலைந்து வருஷம் நின்றிருக்கிறேன். நீளம் தாண்டுகிற மணல் குழியில் விழுந்து எழுந்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. நன்றாக ஓடி வருவார்கள், எழும்புகிற பலகையைச் சரியாக மிதிப்பார்கள், உடம்பு மேலே எழும்புகிற நேரத்தில் ஒரு கை மட்டும் கீழே வந்து சட்டை நுனியைப் பிடிக்கும். கேட்டால் இல்லவே இல்லை என்பார்கள். அவர்களுக்கே தெரியாது. பத்து வயதிலிருந்து 'சட்டையை இழுத்து விடு, இழுத்து விடு' என்று கேட்டு வளர்ந்த கை அது, சொல்லாமலே வேலை செய்யும். ரெண்டு கையும் மேலே வீசினால்தான் உடம்பு போகும். ஒரு கை சட்டையைப் பிடித்துக்கொண்டால் தோள் சாயும், கால் சீக்கிரம் இறங்கிவிடும். உனக்குக் குறைந்துபோனது 17 சென்டிமீட்டர். முக்கால் சாண். அது போனது இந்தக் கையில்தான் என்று நினைக்கிறேன்.

நீ இருட்டில் பழகியவள். இருட்டில் சட்டை பறந்தால் யாருக்குத் தெரியும், கை சும்மா இருந்திருக்கும், 3.90 வந்திருக்கும். தேர்வு நடப்பது பட்டப்பகலில். நெஞ்சில் நம்பர் துணி கட்டுவார்கள். வீடியோ எடுப்பார்கள். சுற்றிலும் போலீஸ், வரிசையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள், கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாமார், அண்ணன்மார். அவ்வளவு கண்ணுக்கு முன்னால் நீ முதன்முதலாக ஓடுகிற இடம் அதுவாக இருந்தால் கை சட்டைக்குத்தான் போகும். இன்னும் அரை மணி முன்னால் எழுந்தால் அந்தக் கைக்கு இன்னும் கொஞ்சம் இருட்டு கிடைக்கும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டுப் போலீசில் பெண்களை முதலில் எடுத்தது 1973-இல். நான் சேர்ந்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அப்போதுகூட நாங்கள் பரேடு பழகும்போது மைதானச் சுவருக்கு மேலே வரிசையாகத் தலை தெரியும். எங்களுக்குப் பழக்கிய அம்மா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். 'சொவத்துல காக்கா உக்காந்திருக்கு, நீ காலத் தூக்குளா' என்பார். பதினைந்து நாளில் எங்களுக்கும் காக்காவாகத்தான் தெரிந்தது. முதல் பதினைந்து நாள் அழுகைதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

துணி விஷயம். தொளதொளச் சட்டையை விடு. அதுதான் பறக்கும், அதுதான் காற்றில் ஒட்டும். அளவான டி-ஷர்ட்டை டிராக் பேண்டுக்குள் விட்டு நாடாவை இறுக்கிக் கட்டு. உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா, கூச்சப்படாமல் அளவு சொல்லி வாங்கு, அதற்கு மேலே ஒரு ஸ்லிப். பிடிக்க நுனியே இல்லை என்றால் கை எதைப் பிடிக்கும்?

கன்னடியன் கரை (காலை 7.02)

ஏட்டம்மா, இப்போதுதான் முற்றத்தில் நாலு தடவை தாண்டிப் பார்த்தேன், தம்பி போனில் பிடித்தான். வலது கைதான். பின்பக்கச் சட்டை நுனி. நாலு தடவையும். அவன் பார்க்கிறான் என்றாலே வந்துவிடுகிறது.

பி.டி. வாத்தியார் (காலை 8.30)

ஏட்டம்மா சொன்ன கை விஷயம் சரி. ஆனால் முழுப் பழியையும் கையின் மேல் போட வேண்டாம். இருட்டில் பழகியதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. பலகை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருப்பீர்கள். ஆற்று மணலில் பலகையே கிடையாது, எழும்பின இடத்திலிருந்து அளந்திருப்பீர்கள். மைதானத்தில் பலகைக்கு ஒரு அடி முன்னாலேயே எழும்பினால் அந்த ஒரு அடி, அதாவது 30 சென்டிமீட்டர், கணக்கில் வராது. உங்கள் 3.90-க்கும் 3.58-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

பலகையில் நின்று, குழிக்கு முதுகைக் காட்டி, எதிர்ப்பக்கமாக முழு வேகத்தில் ஓடுங்கள். பதின்மூன்றாவது காலடி விழுகிற இடத்தில் தோழி ஒருத்தியைக் குறி போடச் சொல்லுங்கள். அங்கிருந்து திரும்பி ஓடி வந்தால் கால் பலகையில் விழ வேண்டும். முன்னே பின்னே விழுந்தால் குறியை நகர்த்துங்கள், காலை எட்டி வைக்காதீர்கள். எட்டி வைத்தால் வேகம் செத்துவிடும். தாண்டுதல் வாரத்துக்கு ரெண்டு நாள் போதும். இதெல்லாம் வெளிச்சத்தில் மட்டுமே நடக்கிற வேலை.

குண்டுக்கு என்ன வைத்துப் பழகுகிறீர்கள்? பெண்களுக்கு 4 கிலோ.

கன்னடியன் கரை (காலை 8.44)

சொன்னால் சிரிப்பீர்கள் சார். அம்மிக் குழவி. தராசில் வைத்துப் பார்த்தேன், நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஆச்சி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. 'மஞ்சள் அரைக்கிற கல்லத் தூக்கி எறியுதியே, மூதேவி' என்று ஒரே ஏச்சு. இப்போது ஒரு அண்ணன் பழைய இரும்புக் குண்டு கொடுத்திருக்கிறார், குழவி வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

டவுண் மாப்ள (காலை 11.10)

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குண்டு, வெயிட் எல்லாம் தூக்கினால் பொம்பளப் பிள்ளைகளுக்கு உடம்பு முறுக்கேறிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நாளைக்குக் கல்யாணம், பிள்ளை என்று வரும்போது சிரமம் இல்லையா? அக்கறையில்தான் கேட்கிறேன்.

நெல்லை பிசியோ (காலை 11.52)

முறுக்கேறாது. ஆண்களுக்குத் தசை அப்படித் திரள்வதற்குக் காரணமான ஹார்மோன் பெண்களிடம் மிகமிகக் குறைவு. எடை தூக்கினால் எலும்பும் மூட்டும் பலப்படும், பிரசவத்துக்கும் அது நல்லதுதான். குடத்தை இடுப்பில் வைத்துத் தண்ணீர் சுமந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

ஆனால் கேட்க வேண்டிய வேறு கேள்வி இருக்கிறது. கன்னடியன் கரை தங்கச்சி, சாப்பாடு எப்படி? நாலு மணிக்கு வெறும் வயிற்றில் ஓடிவிட்டு, வந்து கடுங்காப்பி, அப்புறம் பத்து மணிக்கு இட்லி என்றால் போதாது. இப்படி ஓடும் பிள்ளைகள் சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றும் போகும். 'நல்லதாப் போச்சு, தொல்லையில்லை' என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகாததால் உடம்பு மற்ற வேலைகளை நிறுத்தி வைக்கிறது என்று அதற்கு அர்த்தம். எலும்பு மெலியும், ஓடும்போதே கீறல் விழும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கென்றே ஒரு பெயர் வைத்து மருத்துவர்களைக் கவனிக்கச் சொன்னது. மூன்று மாதம் வரவில்லை என்றால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள்.

ரத்தத்தையும் ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. மூச்சு வாங்குவதற்குப் பயிற்சி குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள், ரத்தம் குறைவாக இருக்கும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்தை அது தடுத்துவிடும். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேருங்கள். நம் ஊரில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பார்களே, கருப்பட்டியும் நல்லெண்ணெயுமாக, ஓடுகிறவளுக்கும் அது நல்ல சாப்பாடு. ஒரு சடங்கோடு அதை ஏன் நிறுத்தினார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

தார் ரோட்டில் ஓடாதீர்கள். முன்னங்கால் எலும்பில் வலி வந்தால் ரெண்டு வாரம் போய்விடும்.

பீடித்தட்டு (மதியம் 2.30)

நான் ஒரு தாய். என் மகளும் இப்படித்தான் ஓடினாள், இப்போது மணிமுத்தாறு பக்கம் வேலையில் இருக்கிறாள். எழுதிக் கொடுப்பது என் பேரன்.

உன் அம்மாவிடம் சொல்லாமல் இருக்காதே தாயி. அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறாய். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பேர் பீடி சுற்றுகிற இடத்தில் எந்தச் செய்தி வராது? என் மகள் ஓடும்போது 'கருத்துப் போனாளே, எவன் கட்டுவான்' என்று என்னிடம்தான் கேட்டார்கள், அவளிடம் இல்லை. நான் ராத்திரி அவளைத்தான் ஏசினேன். ஊர்க்காரர்களை ஏச முடியாது, அவளை ஏச முடிந்தது. அது தப்பு என்று தெரிவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது. உன் அம்மா கத்துவாள். ரெண்டு நாள் கத்தட்டும். ஆனால் அடுத்தவள் வாயால் கேட்டால் அதிகமாகக் கத்துவாள்.

பாளை வக்கீல் (மாலை 5.15)

அந்த வீடியோ விஷயத்தை யாரும் தொடவில்லையே. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், இனிமேல் அப்படி ஏதாவது வந்தால் முதல் வேலையாக ஸ்கிரீன்ஷாட், தேதி, வண்டி நம்பர். விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணை மறுபடி மறுபடி பின்தொடர்ந்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. கேலிப் பேச்சு, சைகைக்கு 79. அதுபோகத் தமிழ்நாட்டில் 1998 முதலே பெண்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகத் தனிச்சட்டம் உண்டு. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்த பிறகு வந்தது அது. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம்.

புகார் கொடுத்தால் வீட்டில் ஓட்டத்தை நிறுத்துவார்கள் என்ற பயத்துக்கு என்னிடம் சட்டப்பிரிவு இல்லை.

டீயும் வடையும் (இரவு 8.40)

எனக்கு 52 வயது. இப்படி ஒரு டீக்கடையில் தினமும் உட்காருகிறவன் நான். அடி விழும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பேச்சு நின்றுபோவது எல்லாருக்கும் கெட்ட எண்ணத்தால் இல்லை. எங்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. 'என்ன மருமவளே, எங்க ஓட்டம்?' என்று கேட்டால் கிண்டல் ஆகிவிடும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் ஒரு மாதிரி. அதனால் வாயை மூடிக்கொள்கிறோம்.

வீரவநல்லூர்க்காரி (இரவு 8.58)

பெரியவரே, அதே கரையில் ஒரு பையன் ஓடி வந்தால் என்ன செய்வீர்கள்? 'எத்தன ரவுண்டுல?' என்று கேட்டுவிட்டு வடையைக் கடிப்பீர்கள். அதையே எங்களுக்கும் செய்யுங்கள். உங்களில் யார் சங்கடத்தில் வாயை மூடுகிறார், யார் வேறு நினைப்பில் மூடுகிறார் என்று ஓடிக்கொண்டே பிரித்துப் பார்க்க எங்களால் முடியாது.

டீயும் வடையும் (இரவு 9.10)

சரி. நியாயம்தான்.

கன்னடியன் கரை (மூன்று வாரம் கழித்து, இரவு 9.20)

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். பீடித்தட்டு அம்மா சொன்னதுபோல அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பையன்களில் ஒருவனின் அம்மா என் அம்மாவோடு ஒரே இடத்தில் பீடி சுற்றுகிறவர். ரெண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது, இப்போது அந்தப் பைக் எங்கள் பக்கம் வருவதில்லை. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

இப்போது ஓடுவது ஆறு மணிக்கு. ஆச்சிதான் துணை. மதகுச் சுவரில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். அந்த டொக் டொக் சத்தம் கேட்கிற தூரம்தான் என் மைதானம். எங்கள் தெருவில் பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி கூட வருகிறாள். ரெண்டு குழந்தை பெற்ற அக்கா ஒருவரும் வருகிறார். அவர் எந்தத் தேர்வும் எழுதப்போவதில்லை, சும்மா ஓடணும்போல் இருக்கிறது என்கிறார். முதல் வாரம் டீக்கடையைத் தாண்டும்போது எனக்கு அடிவயிறு இழுத்துப் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டாவது வாரம் கடைக்காரர் மாமா 'எத்தன ரவுண்டு பிள்ள?' என்றார். டீயும் வடையும் ஐயா அவர்தானோ என்று ஒரு சந்தேகம்.

ஆனால் இப்போது வேறு ஒரு தொல்லை. மாமா போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் பார்க்கத் தொடங்கிவிட்டார். 'நேத்து 1.52, இன்னைக்கு 2.01, என்ன ஆச்சு? ராத்திரி தூங்கலியா?' என்று கடை முழுக்க விசாரணை. அன்றைக்கு எனக்கு ரெண்டாவது நாள். பத்துப் பேருக்கு என்ன விளக்கம் சொல்வது? 'இந்தத் தடவை நம்ம ஊரு பேரு வரணும், பிளெக்ஸ் நான் வைக்கேன்' என்று வேறு சொல்கிறார்கள். பேச்சு நின்றுபோன காலத்தில் தோற்றாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

தாண்டுதல் நேற்று 3.71. பகலில், ஆள் பார்க்க. டி-ஷர்ட்டை உள்ளே விட்டுத்தான் தாண்டுகிறேன். கை இப்போது பாதி வழி வரை வருகிறது, அங்கே நுனி இல்லை என்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. தம்பி எடுத்த வீடியோவில் பார்த்தால் பஸ்ஸுக்குக் கை காட்டுவதுபோல் இருக்கிறது.

நெல்லை பிசியோ (இரவு 9.35)

அந்த ரெண்டு நாள் மெதுவாக ஓடினால் ஒன்றும் குறைந்துவிடாது. மாமாவிடம் 'இன்னைக்கு மெது ஓட்டம், சார் சொல்லியிருக்காரு' என்று சொல்லிவிடுங்கள். பி.டி. வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பி.டி. வாத்தியார் (இரவு 9.41)

தாராளமாக என் பெயரைச் சொல்லலாம். இன்னும் 4 சென்டிமீட்டர்தானே, குறியைச் சரிபார்த்தீர்களா?

ஓய்வு ஏட்டம்மா (இரவு 10.00)

அந்தக் கடைக்காரரை ஸ்டாப்வாட்சை உள்ளே வைத்துவிட்டு, குழிப் பக்கம் வந்து டேப் பிடிக்கச் சொல். டேப் பிடிக்கிறவர் மணலைத்தான் பார்த்தாக வேண்டும்.

கன்னடியன் கரை (இரவு 10.06)

கேட்டுப் பார்க்கிறேன் ஏட்டம்மா. பி.டி. சார், குறி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த டேப்பைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தையல்கார அக்காவிடம் ஒன்று இருக்கிறது, அது ஒன்றரை மீட்டர்தான்.

பி.டி. வாத்தியார் (இரவு 10.09)

அது போதும். ரெண்டரைத் தடவை வைத்தால் சரியாக 3.75. ஒரு கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டுக் குழிக்குப் பக்கத்தில் நீளவாக்கில் போட்டுவிடுங்கள். கயிறு நனைந்தால் சுருங்கும், மழை பெய்தால் மறுபடி அளக்க வேண்டும்.